வரலாற்றைப் பிள்ளைகள் ஒப்பிக்காமல் படிக்க என்ன செய்யலாம்?

கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வரலாறு என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், வருடங்களை ஒப்பிக்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள், பத்தாம் வகுப்பில் போர்ஷன் முடிக்கவே நேரம் பற்றவில்லை, இதற்கு நடுவே எப்படிச் சுவையாக நடத்துவது என்பது உங்கள் கேள்வி. ஆறிலிருந்து பத்து வரை நெடுங்காலம் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

முதலில், சுவையைப் பற்றிய கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நன்றாகக் கதை சொல்லும் ஆசிரியரின் வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் கதையாகக் கேட்டதைப் பிள்ளைகள் கதையாகவே மறந்தும் விடுவார்கள். பாடம் வறண்டு போவதற்கு நான் பார்த்த காரணம் வேறு. நம் புத்தகங்கள் முடிவுகளை மட்டுமே தருகின்றன. ‘சோழர் காலத்தில் உள்ளாட்சி சிறந்து விளங்கியது’ என்று ஒரு வரி இருக்கும். அதை யார் கண்டுபிடித்தார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள், வேறு விதமாகவும் சொல்ல முடியுமா என்பதெல்லாம் வகுப்புக்குள் வருவதே இல்லை. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகளை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் எப்படி இருக்குமோ, வரலாற்றில் நாம் செய்வது ஏறக்குறைய அதுதான்.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு பாடத்துக்கு ஒரு சான்றையாவது பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஒரு கல்வெட்டின் நான்கு வரி, ஒரு அரசாணை, ஒரு புகைப்படம், ஒரு பாட்டியின் பேச்சு, எதுவானாலும் சரி. இதை யார் சொன்னது, எதற்காகச் சொன்னார்கள், இதில் யாரைப் பற்றிப் பேச்சே இல்லை என்று மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். மற்றதை வழக்கம்போல நடத்திக்கொள்ளலாம்.

இது வகுப்பில் எப்படி நடக்கும் என்று காட்ட உத்திரமேரூரை எடுத்துக்கொள்கிறேன். ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர் பாடத்தில், ஊர் நிர்வாகிகளைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குடவோலை முறை வரும். வழக்கமாக நடத்துவது எப்படி? பானையில் ஓலை போட்டார்கள், சிறுவன் எடுத்தான், உலகுக்கே நாம்தான் ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம், அடுத்த பாடம். இத்தனைக்கும் அந்தக் கல்வெட்டு நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றைக்கும் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரண்டு தீர்மானங்கள்.

விதிகளைக் கருத்து எதுவும் சொல்லாமல் அப்படியே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டுகள் போன்ற பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு வருபவருக்குக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதத்தோடு பாஷ்யம் என்ற உரைநூலும் கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலி, அதாவது வேலியில் எட்டில் ஒரு பங்கு நிலமே போதும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவராக இருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை.

அப்புறம் பழைய நோட்டு அட்டையைச் சீட்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அந்த ஊரில் இருந்திருக்கக்கூடிய ஒரு ஆளை எழுதுங்கள். நாற்பது வயது, வேதம் படித்தவர், அரை வேலி நிலம். நெசவாளி. அதே நாற்பது வயதில் நிலத்தில் உழைக்கும் கூலிக்காரர். நிலம் இருக்கும் கைம்பெண். எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். கணக்குக் காட்டாத பழைய வாரியக்காரர், அவருடைய மைத்துனர். தச்சர். வேதம் படித்தும் நிலம் இல்லாத இளைஞர். ஆளுக்கு ஒரு சீட்டு. கையில் இருக்கும் ஆளின் பெயர் பானைக்குள் போகலாமா கூடாதா என்று ஒவ்வொரு பிள்ளையும் விதியைப் பார்த்து முடிவு செய்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். சீட்டில் இருக்கும் ஆள் கற்பனை ஆளாகவே இருக்கட்டும். எந்தப் பிள்ளையையும் ‘நீயாக இருந்தால்’ என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வி வகுப்புக்குள் சாதியை இழுத்து வந்துவிடும்.

பானைக்குள் சில பெயர்களே விழும். வெளியே நிற்பவர்களை எண்ணச் சொல்லுங்கள். அது பிரம்மதேயச் சபை, அதாவது பிராமண நில உடைமையாளர்களின் சபை என்பதை நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது. பெண்கள் யாருமே இல்லையே என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் தானாகவே வரும்.

சீட்டு எடுக்கும் காட்சியையும் விட்டுவிடாதீர்கள். கல்வெட்டில் அது அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சபை முழுக்கக் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுநிலையாளன், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வாங்கியதும் படிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், எல்லோரும் அதை மறுபடி படிக்க வேண்டும். விரலை ஏன் விரிக்கச் சொன்னார்கள் என்று கேளுங்கள். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்கு என்று உடனே பதில் வரும். அப்படியானால் அதற்கு முன்னால் யாரோ மாற்றியிருக்க வேண்டுமோ? இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வரலாற்றாசிரியர் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்குகிறார்கள். 919ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் வயது வரம்பு முப்பது முதல் அறுபது வரை இருந்தது, இரண்டே ஆண்டில் அது முப்பத்தைந்து முதல் எழுபது ஆனது என்பதையும் சொல்லிவிட்டு, ஏன் மாற்றியிருப்பார்கள் என்று கேளுங்கள். கல்வெட்டில் அதற்குக் காரணம் இல்லை. பிள்ளைகள் ஊகிக்கட்டும். எது சான்று, எது நம் ஊகம் என்பதை மட்டும் கரும்பலகையில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள்.

இப்படி நடத்தினால் நம் பெருமை குறைந்துவிடுமே என்று சக ஆசிரியர்கள் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனை உறவோடு சேர்த்து விலக்கி வைத்த ஊர் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே இங்கே இருந்தது என்பது வியக்க வேண்டிய விஷயம்தான். அந்த ஊரில் உழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சபையில் இடமே இல்லை என்பதும் அதே சுவரில் இருக்கும் உண்மை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் இரண்டையும் சேர்த்தே தாங்கிக்கொள்ள முடியும்.

இதே பாடம் பெரிய வகுப்பில் குடிமையியலுக்கும் கை கொடுக்கும். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது, ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு என்று புத்தகத்தில் இருக்கும். அது ஏன் தேவைப்பட்டது என்பதை மேலவளவையும் பாப்பாபட்டியையும் சொல்லாமல் விளக்க முடியாது. மதுரை மாவட்டத்தில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் மன்றத் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில், அதாவது அதே போல ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், பத்தாண்டு காலம் முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல் இருந்து, 2006இல்தான் நடந்தது. பானைக்குள் யார் பெயர் போகலாம் என்ற கேள்வி சோழர் காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பது அப்போது பிள்ளைகளுக்கே விளங்கும். முடிந்தால் பக்கத்தில் நடக்கும் கிராம சபைக்கு, அக்டோபர் 2 அன்றோ நவம்பர் 1 அன்றோ, பெற்றோர் சம்மதத்தோடு நாலைந்து பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பின்னால் உட்கார்ந்து, யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்று மட்டும் குறித்துக்கொண்டு வரட்டும்.

சின்ன வகுப்புக்கு, இறந்த வீரனுக்காக நட்ட நினைவுக் கல்லான நடுகல் போல எளிதான சான்று வேறு கிடையாது. திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்றால் உங்கள் ஊர் எல்லையிலேயே ஒன்று இருக்கலாம். வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி இல்லாவிட்டால் எடுத்தனூர் நடுகல்லைச் சொல்லுங்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரிகிறது, அந்த ஊரில் வாழ்ந்த எத்தனையோ பெண்களில் ஒருவர் பெயர்கூட அந்தக் கல்லில் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். கேள்விகள் அவர்களிடமிருந்தே வரும்.

காலனி ஆட்சியின் பொருளாதாரப் பாதிப்பு பற்றிய பாடங்களில் பெரும் பஞ்சத்தை ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள். 1876–78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. ஊர்ப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு வரச் சொன்னால் சிலர் ‘எங்கம்மா தாது வருஷத்தைப் பார்த்தவங்க’ என்ற பேச்சோடு வருவார்கள். அதைத் தவறு என்று ஒதுக்காமல் கணக்காக மாற்றுங்கள். தமிழ் ஆண்டுச் சுற்று அறுபது. தாது 1876இல் வந்தது, 1936இல் வந்தது, 1996இலும் வந்தது. பாட்டியின் அம்மா பார்த்தது எந்தத் தாது? வாய்மொழிச் செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அதே பாடத்தில் சத்துணவுக் கூடத்திலிருந்து தராசு வாங்கி வந்து, ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் அரிசியை மேசை மேல் நிறுத்து வையுங்கள். 1877இல் வைஸ்ராய் லிட்டனின் அரசு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் சென்னைக்கு அனுப்பியது. நிவாரண வேலையில் இருந்த ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். பிள்ளைகள் முதலில் ‘அரைக்கிலோ நிறைய ஆச்சே சார்’ என்பார்கள். சரி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும், பருப்பு, எண்ணெய், உப்பு, விறகு எல்லாம் அந்த ஓர் அணாவில் என்று சொல்லுங்கள். பிறகு அதே சென்னை அரசின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தக் கூலியில் உடல் தாங்காது என்று எதிர்த்து வாதாடியதையும் சொல்லுங்கள். ஒரே அரசுக்குள் இரண்டு அதிகாரிகள், எதிரெதிரான இரண்டு வாதங்கள். டெம்பிள் எதைப் பார்த்துக் கணக்குப் போட்டார், கார்னிஷ் எதைப் பார்த்தார் என்று வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பேசவிடுங்கள். விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று டெல்லியில் தர்பார் நடத்தி அறிவித்தது 1877 ஜனவரி 1 என்பதைக் காலக்கோட்டில் பஞ்சத்துக்கு நேராகக் குறித்தால் போதும், உங்கள் விளக்கம் தேவைப்படாது. ஹூப்பர் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி எடுத்த பஞ்சப் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கும். எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தவை. பத்தாம் வகுப்புக்குக் கீழே அவற்றைக் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

உலகப் போர்ப் பாடம்தான் நம் பிள்ளைகளுக்கு மிகத் தொலைவில் இருப்பது. பத்தாம் வகுப்புப் புத்தகம் அதில்தான் தொடங்குகிறது. ஜூன் மாதம் முதல் வகுப்பே ஆஸ்திரியா, செர்பியா என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் அன்றைக்கே கையை விட்டுவிடுவார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் தொடங்குங்கள். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு வந்து குண்டு வீசியது, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ஜெர்மன் கப்பலுக்கு நம் ஊரில் என்ன வேலை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் காலனிகள், எண்ணெய், கடல் வழி, கூட்டணிகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. உங்கள் வட்டாரத்தில் ஒன்று கிடைத்தால் அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

அடுத்தது, கொஞ்சம் எச்சரிக்கையாகக் கையாள வேண்டிய விஷயம். பாளையக்காரர் பாடம். கட்டபொம்மனைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்துதான் வருகிறார்கள். ஆனால் அந்த அறிவு 1959இல் வந்த திரைப்படத்திலிருந்தும் ஊர்ப் போஸ்டர்களிலிருந்தும் வந்தது. அதைக் கிண்டல் செய்யாதீர்கள், அதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி அதிகாரிகளின் கடிதங்கள் எதிரி எழுதியவை, ஆனால் அப்போதே எழுதியவை. நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் அன்போடு பாடியவை, ஆனால் பின்னால் வடிவம் பெற்றவை. திரைப்படம் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, விடுதலை பெற்ற நாட்டில் எடுத்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனோடு நடந்த சந்திப்பை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மோதலுக்குப் பிறகு கம்பெனியே விசாரணை வைத்து ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புதுச் செய்தியாக இருக்கும். கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16, கயத்தாறு. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர். நடுவில், கம்பெனியை எதிர்த்து மருது சகோதரர்கள் 1801 ஜூனில் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி அறிக்கை. இந்த மூன்றும் வரிசையாக மனதில் நின்றால் தனித்தனி வீரர்கள் என்ற எண்ணம் போய், ஒரு தொடர் எதிர்ப்பு கண்ணுக்குத் தெரியும்.

இந்த வீரர்கள் ஒவ்வொருவரையும் இன்று ஏதோ ஒரு சாதி தன்னுடையவர் என்கிறது. பிள்ளைகள் கையில் கட்டிவரும் கயிற்றின் நிறம் வரை அது வந்துவிட்டது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு, இதெல்லாம் எனக்கென்ன என்று சமூக அறிவியல் ஆசிரியர் இருக்க முடியாது. வகுப்பில் உபதேசம் செய்து பயனில்லை. அவர்கள் படையில் யார் யார் இருந்தார்கள், யார் யார் கூட்டுச் சேர்ந்தார்கள் என்ற சான்றைக் கேளுங்கள். திருச்சிராப்பள்ளி அறிக்கை எல்லாச் சாதியினரையும் முஸ்லிம்களையும் சேர்த்தே போருக்கு அழைத்தது. அதை வாசித்துக் காட்டுங்கள். பத்தாம் வகுப்பில் ‘தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்’ பாடம் கடைசியில் இருப்பதால் பல பள்ளிகளில் அவசரமாக முடிந்துவிடுகிறது. எனக்குக் கேட்டால் அதற்குத்தான் அதிக வகுப்புகள் ஒதுக்க வேண்டும். அதை இழுத்து முன்னால் கொண்டுவந்தாலும் தப்பில்லை.

நேரம் எங்கே என்பீர்கள். உண்மைதான். கல்வித் துறையின் எமிஸ் இணையதளப் பதிவேற்றம், வாக்காளர் பட்டியல் வேலை, இதற்கு நடுவே கணக்குக்கும் அறிவியலுக்கும் ஸ்பெஷல் கிளாஸ் என்றால் முதலில் பறிபோவது நம் பீரியடுதான். அதனால்தான் பாடத்துக்கு ஒரு சான்று என்றேன், எல்லா வரிக்கும் வேண்டாம். ஒன்பது வரை வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கென்றே மதிப்பெண் இருக்கிறது. சார்ட் ஒட்டி வாங்கும் மதிப்பெண்ணை இந்தச் சீட்டு விளையாட்டுக்கும் பாட்டியின் பேட்டிக்கும் கொடுங்கள். தனியாக நேரம் தேட வேண்டாம். பத்தாம் வகுப்பில் காலக்கோடு வினாவுக்கு, வகுப்பறைச் சுவர் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டி, ஆண்டு முழுக்க நடத்துவதையெல்லாம் அதில் சீட்டாகத் தொங்கவிடுங்கள். ஐந்து மதிப்பெண் விடைக்குக் கைடு வரிகளை மனப்பாடம் செய்யத் திணறும் பிள்ளை, காரணத்தைப் புரிந்துகொண்டால் சொந்த நடையில் நான்கு குறிப்பாவது எழுதிவிடும். மெல்லக் கற்கும் பிள்ளைகளிடம்தான் இந்த வித்தியாசத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு மட்டும் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை, அதைத் தினமும் ஐந்து நிமிடம் கேட்டுவிடுங்கள்.

சான்றுகள் எங்கே கிடைக்கும் என்று அடுத்துக் கேட்பீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளும் தொல்லியல் துறை வெளியீடுகளும் இலவசமாக இருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு நிலக்கொடையாவது சிக்கும். மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் ஒரு முறை நேரில் போய்ப் பேசுங்கள், பள்ளி என்றால் அவர்களில் பலர் ஆர்வமாக வருவார்கள். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, பிள்ளைகள் கல்வெட்டு வாசிக்கப் பழகி, வயல்வெளியில் பானை ஓடுகளையும் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், இந்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு அந்த ஓலைச் சீட்டுகளை மட்டும் வெட்டிப் பாருங்கள். பழைய நோட்டு அட்டை, ஒரு மண்பானை, ஒன்றரைப் பீரியடு. ஓலை எடுக்க ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏழாம் வகுப்புக்காரர்களுக்கு விதி எல்லாம் தெரிந்திருக்கும்.